தாளத்தின் மீது ஒரு குரல்

இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியுமே இடம்பெறும் இப்பக்கத்தில் இன்று என் மகன் கேட்கும் இசையைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள்க.

அவன் படிவம் ஐந்தில் பயில்கிறான். அவன் அறையிலிருந்து வரும் ‘டிரம் அண்ட் பேஸ்’ இசையைத் தகரக் கூரையில் பெய்யும் மழை என்றே நான் ஏளனம் செய்து வந்தேன். ஒருநாள் சினம் மிகுந்து ஒலிபெருக்கியைப் பறித்து அலமாரியில் பூட்டினேன். மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காதொலிப்பானின் ஒரு முனையை நீட்டினான்.

“கொட்ட விடுங்கம்மா. பாடறவங்கள மட்டும் கேளுங்க.”

இங்கிலாந்துக் கலைஞர் கோல்டி 1995இல் வெளியிட்ட ‘டைம்லெஸ்’ தொகுப்பு அது. அவ்வாண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இளையராஜாவின் ஒலிநாடாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்! தலைப்புப் பாடலே ஏறத்தாழ 21 நிமிடம் நீள்கிறது. முரசொலி மிக வேகமாக விரைகிறது. அடிநாதமோ அதன் பாதி வேகத்தில் அசைகிறது. அவற்றின்மீது டயான் சார்லமேன் என்ற பாடகியின் குரல் அவசரமே இன்றி எழுகிறது. நகர வாழ்வின் நெருக்கடியிலிருந்து அன்பைத் தேடும் குரல். கோயில் திருவிழாவில் தவில் பொழிந்துகொண்டிருக்க, நாகசுவரம் ஒரே சுரத்தைப் பற்றி நிற்குமே, அது நினைவுக்கு வந்தது.

பிறகு பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவினரும் படைத்த ‘நியூ ஃபார்ம்ஸ்’ கேட்டோம். 1997இல் மெர்குரி விருது பெற்றது. உண்மையைச் சொன்னால், பாடும் குரல் ஓய்ந்த இடங்களில் என் கவனம் சிதறியது.

அதே நகரத்துக் கொஷீன் குழுவின் ‘ரெசிஸ்ட்’ (2001) தொகுப்பில் அப்படி நேரவில்லை. சியான் எவன்ஸ் பாடும் பாடல்களுக்குத் தெளிவான பல்லவி உண்டு. தாளத்தைக் களைந்து ஒற்றைக் கித்தாரோடு பாடினாலும் அவை நிற்கும். மறுவாரம் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது ‘கேட்ச்’ பாடலை நானே முணுமுணுத்திருக்கிறேன். மகன் வாசலில் நின்று சிரித்தான்.

டயான் சார்லமேன் 2015இல் மறைந்துவிட்டார் என்று அவன்தான் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டியவள் நான். உள்ளே அவன் என்ன கேட்கிறான் என்று ஒருமுறையும் வினவியதில்லை.

ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “ஹாஸ்டல்ல நீங்க என்னம்மா கேட்டீங்க?” என்றான். பழைய ஒலிநாடாக்களைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறோம்.