மணியில் வெந்த கிழங்கு

ரப்பர் படகில் இறங்கும் முன்பே என் பையைக் கவிழ்த்து உதறச் சொன்னாள் தோழி. எலியோ எறும்போ ஒளிந்துகொண்டு தீவுக்குள் போய்விடக் கூடாதாம். செருப்பின் அடிமண்ணையும் தேய்த்துக் கழுவினோம். நியூசிலாந்தின் வடக்கே, பே ஆஃப் ஐலண்ட்ஸ் விரிகுடாவில் இருக்கிற உருபுகாபுகா தீவு அது. அவளுடைய பாய்மரப் படகு சற்றுத் தள்ளி நங்கூரத்தில் நின்றது. டிசம்பர் மாதம், அங்கே கோடை.

கரையோரப் பாதை நெடுக போஹுடுகாவா மரங்கள். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. பூவில் இதழைத் தேடத்தான் வேண்டும். கண்ணில் படுவதெல்லாம் மகரந்தத் தாள்களின் கற்றை. நாவல் பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் இதைக் கிறிஸ்துமஸ் மரம் ஆக்கிவிட்டார்கள். நாக்கில் ஏறச் சற்று நேரம் பிடித்தாலும் மவோரிப் பெயர்தான் எனக்குப் பிடித்தது. பாறை வெடிப்பில் வேரூன்றி, கடல்மேல் சாய்ந்து, உப்புக் காற்றில் பூக்கிற மரம். வடகோடியில் ரெயிங்கா முனையில் நிற்கும் ஒரு போஹுடுகாவாவின் வேர் வழியாகத்தான் இறந்தவர்களின் ஆவி கடலுக்குள் இறங்குகிறது என்பது மவோரி நம்பிக்கை.

நெய்தல் நடத்துகிறவளுக்குப் புன்னை நினைவுக்கு வராமல் இருக்குமா? உடன்பிறந்தவளாக வளர்ந்த புன்னையின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிற பெண்கள் நற்றிணையில் இருக்கிறார்கள். மரத்தோடு அத்தனை உறவு. கடலோடு மட்டும் அவர்களுக்கு உறவு கரை வரைதான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! நாகப்பட்டினம் பக்கத்தில் அம்மாவின் ஊரில் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். படகில் ஏறிய ஒருத்தியைப் பார்த்ததில்லை. இங்கே காற்றைக் கணிப்பதும் சுக்கான் பிடிப்பதும் என்னோடு ஒரே விடுதி அறையில் கிடந்தவள்.

இதே கரையில் இன்னும் தெற்கே, வாங்கரேய் அருகே, 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி ஓர் உடைந்த வெண்கல மணியைக் கண்டார். மவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்ததாக அவரிடம் சொன்னார்கள். மணியில் இருந்தது தமிழ் எழுத்து: முகைதீன் பக்ஷ் என்ற பெயரும், கப்பலின் மணி என்ற செய்தியும். இப்போது அது வெலிங்டனில், தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையைத் தமிழ் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். கிழங்கு வரும் இடத்தில் அரங்கம் சிரிக்கும். அருமை தெரியாத பெண்கள், நம் மணியைச் சட்டியாக்கிவிட்டார்கள்! எனக்கு அந்தச் சிரிப்பு ஒருபோதும் பிடித்ததில்லை. ஐரோப்பியர் வரும்வரை மவோரிகளிடம் உலோகம் கிடையாது. மண்ணில் குழி தோண்டி, சூடாக்கிய கற்களை இட்டுச் சமைத்தவர்கள். அவர்கள் கையில் ஒரு வெண்கலக் குடுவை கிடைக்கிறது. நாக்கில்லாத மணியைத் தலைகீழாகப் பிடித்தால் அது பாத்திரம் என்று கண்டுகொள்ள ஒரு புத்தி வேண்டும். அடுப்புக்குப் பயன்பட்டதால்தான் அது கைமாறிக் கைமாறிப் பிழைத்திருக்கிறது. கப்பல்காரன் பெயர் வெண்கலத்தில் நிற்கிறது, கண்டெடுத்த மிஷனரியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் வெறும் 'பெண்கள்'.

இதையெல்லாம் மூச்சு வாங்க ஏற்றத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். தோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எவ்வளவு பெருசுடி அந்த மணி?"

ஒரு சாண் உயரம்கூட இருக்காது என்று கையால் காட்டினேன்.

"அதுல ரெண்டு கிழங்குகூட வேகாதே. பிள்ளைக்குத் தனியா வச்சிருப்பா."

நீர் வற்றுவதற்குள் படகைத் தள்ள வேண்டும் என்று முன்னால் இறங்கத் தொடங்கினாள்.