மர வைத்தியம்

தலைநகரில் வாழும் நம் அன்பர்கள் எங்களைக் காணும்போது முதலில் கேட்பது, "நீங்கள் மரம் வெட்டுகிறவர்கள்தாமே?" என்பதுதான். தெருவில் 'மாலி' என்று அழைப்போரும் உண்டு. அரிவாளும் ரம்பமும் எங்களிடம் இருப்பது உண்மையே, மண்ணையும் கிளறுகிறோம். ஆயினும் கூடுமானவரை மரம் நிற்கும்படி செய்வதே எங்கள் பிழைப்பு. குழுவில் ஐவர் இருக்கிறோம்: தமிழர் இருவர், பீகாரிலிருந்து வந்தவர் இருவர், வங்காளத்தவர் ஒருவர். மேலிருந்து 'ரஸ்ஸி' என்று குரல் வந்தால் கீழே கயிறு பிடித்திருப்பவர் எந்த ஊராராயினும் அந்தக் கணமே தளர்த்தியாக வேண்டும். மற்ற பேச்செல்லாம் தேநீர் வேளைக்கு.

எங்கள் வேலை பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கிவிடும். தில்லி வெயிலை அறிந்த அன்பர்களுக்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. வந்தவுடன் ஏறுவதும் இல்லை. அரை மணி நேரம் மரத்தைச் சுற்றி வருவோம். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, பட்டை வெடித்திருக்கிறதா, வேர்ப் பக்கத்தில் மண் எழும்பியிருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு மரச்சுத்தியலால் அடிமரத்தை மெல்லத் தட்டிக் காது கொடுத்துக் கேட்போம். தேங்காய் வாங்கும் நம் தாய்மார்களுக்கு இந்த வித்தை புதிதன்று.

நோய் பெரும்பாலும் மேலே இருப்பதில்லை, காலடியில் இருக்கிறது. நடைபாதை போடுகிறவர்கள் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். நீரும் காற்றும் வேருக்கு எட்டுவதில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில் தில்லிக்கு ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டரைக் கடப்பாரையால் உடைத்துத் திறப்பதிலேயே எங்கள் நாட்கள் பல கழிகின்றன. மேலே ஏறுவதைக் கூட்டம் கூடிப் பார்க்கிறார்கள். கீழே உடைப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

கவாத்து செய்வதற்கும் ஒரு முறை உண்டு. கனத்த கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், அது விழும்போது அடிமரத்தின் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே ஓரடி தள்ளிக் கீழ்ப்புறம் ஒரு வெட்டு, அதற்கும் சற்று அப்பால் மேற்புறம் ஒரு வெட்டு. பாரம் விழுந்த பிறகே கடைசி வெட்டு. அந்தக் கடைசி வெட்டும் அடிமரத்தோடு வழித்தாற்போல் இருத்தல் கூடாது. கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப் போல் ஒரு புடைப்பு இருக்கிறதல்லவா, அதைத் தொடாமல் விட வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரத்தின் புண் நம் புண்ணைப் போல ஆறுவதில்லை என்று காட்டினார். கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளே சுவர் எழுப்பிக்கொள்கிறது. பழுது அங்கேயே இருக்க, மரம் அதன் வெளியே வளர்ந்து செல்கிறது. வெட்டுவாயில் தார் பூசுவதும், பொந்தில் சிமெண்டு அடைப்பதும் இந்த அறிவு வந்த பின்னர் கைவிடப்பட்டன. நம் நாட்டில் இன்னும் பூசுகிறார்கள், பார்ப்பதற்கு அழகாயிருக்கிறது என்று.

ஆபத்துகளைப் பற்றி வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. மின்கம்பி உண்டு, குளவி உண்டு. ஆகஸ்டு மாதத்தில் சுதந்திர தினப் பட்டங்களின் மாஞ்சாக் கயிறு இலைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும். கழுத்தில் பட்டால் கத்திதான். பொந்தில் கிளிக்குஞ்சு இருந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னே அனுமதி. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் இசைவின்றி எவரும் தம் சொந்த முற்றத்து மரத்தைக்கூட வீழ்த்த முடியாது.

2022-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி மாலை வீசிய ஆந்தியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதன் பின்னர் கிழக்குத் தில்லியில் ஒரு குடியிருப்பிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. நம்மவர் பலர் வாழும் இடம். முற்றத்து வேம்பு, வீடுகள் எழுந்த காலத்தில் நட்டது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அதன் பூவே அங்குள்ள தமிழ் வீடுகளுக்கெல்லாம். அடிமரத்தில் பொந்து, யாரோ சிமெண்டு அடைத்திருந்தார்கள். காற்றில் மரம் வளையும், சிமெண்டு வளையாது. இடையில் விழுந்த பிளவில் நீர் தங்கி உளுத்திருந்தது. வெட்டிவிட வேண்டும் என்று பாதிப் பேர். கூடாது என்று பாதிப் பேர். மூத்த மாமி ஒருவர் கேட்டார்: "தம்பி, என் பேரன் இதனடியில்தான் விளையாடுகிறான். விழுமா, விழாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத தொழில் இது. மரத்தின் சுற்றளவு 210 செண்டிமீட்டர், அதாவது ஆரம் 33. திடமான சுவர் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருத்தல் நலம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. மெல்லிய துளையிட்டு அளந்தோம். மூன்று பக்கங்களில் 14 முதல் 17 செண்டிமீட்டர். பொந்துப் பக்கத்தில் சரியாக 11.

'வெட்டுக' என்று எழுதிக் கொடுப்பது எளிது. வெட்டிய மரம் நின்றிருக்கும் என்று பின்னர் எவராலும் நிரூபிக்க இயலாது. 'நிற்கலாம்' என்று எழுதினால் ஒவ்வோர் ஆந்தியிலும் அந்தக் கையெழுத்து சோதனைக்கு வருகிறது. நாங்கள் ஐவரும் அன்றிரவு நெடுநேரம் வாதிட்டோம். எங்களில் ஒருவர் கடைசி வரை வெட்டவே சொன்னார்; அவருக்கும் அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது.

நிற்கலாம் என்றே எழுதினோம், நிபந்தனைகளோடு. ஆட்டங்கண்ட சிமெண்டை எடுத்துவிட்டோம்; பொந்தைச் சுரண்டவில்லை, சுரண்டினால் மரம் கட்டிய சுவரை நாமே இடித்தவர்களாவோம். அனுமதி பெற்று, முற்றத்தின் மேல் நீண்டிருந்த கிளைகளின் நுனிப்பாரத்தை மட்டும் குறைத்தோம். தலையை மொட்டையடித்திருந்தால் பலவீனமான கொழுந்துகள் கொத்தாய் எழுந்து பின்னர் அவையே ஒடிந்து விழும். ஊஞ்சலை மட்டும் மதிலோரம் மாற்றச் செய்தோம். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

ஆண்டுதோறும் மார்ச்சு முடிவில், இலை உதிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்கிறோம். மீண்டும் துளையிடுவதில்லை, ஒவ்வொரு துளையும் ஒரு புதுப் புண். தட்டிக் கேட்கிறோம். இவ்வாண்டு பொந்தின் விளிம்பில் புதுப் பட்டை இரண்டு விரல் அகலம் சுருண்டு ஏறியிருந்தது. மேற்கே காய்ந்த கொம்பு ஒன்று இருந்தது, எடுத்தோம். மே மாதத்தில் காற்று எழும் மாலைகளில் அவர்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறோம்.