வானுக்கும் வேலி உண்டு

வயலுக்கு வரப்பு உண்டு; வீட்டுக்கு மதில் உண்டு; நாட்டுக்கு எல்லை உண்டு. வானத்திற்கு ஏது வேலி என்றே நாம் எண்ணுகிறோம். சிட்டுக்குருவியிடம் யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை அல்லவா? ஆனால் சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவரைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத வேலிகள் வானத்திலும் உண்டு என்பார். அவற்றை அறிந்து நடப்பது அவருடைய கடமையாகும்.

அமெரிக்க நாட்டில் பொழுதுபோக்குக்காகவும் சொந்த வேலைக்காகவும் சிறு விமானம் ஓட்டுவோர் மிகப் பலர். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு பயணி விமானங்களால் ஏறத்தாழ 3000 பேர் மாண்டனர். அதன்பின் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி 30 கடல் மைல் ஆரமுள்ள தனி விதி வட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. 2009-ல் அது நிலையான சட்டமாயிற்று.

அந்த வட்டத்துள் நுழைய விரும்பும் விமானி என்னென்ன செய்ய வேண்டும்? எங்கிருந்து எங்கே போகிறார் என்ற பயணத் திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்துடன் வானொலியில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கென்று கொடுக்கப்படும் நான்கு இலக்க எண்ணை டிரான்ஸ்பாண்டரில் வைக்க வேண்டும். ரேடார் கேட்கும்போதெல்லாம் அந்த எண்ணையும் விமானத்தின் உயரத்தையும் தானே சொல்லும் கருவி அது. வட்டத்திற்கு வெளியே, 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதிப்படி பறப்பதற்குக்கூட ஒரு சிறப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு? நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் செல்லும் சிறு விமானம் வட்டத்தின் விளிம்பிலிருந்து மையத்தை அடைய 18 நிமிடமே ஆகும். எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளையில் பாதிகூட இல்லை! வருபவர் வழி தவறியவரா, தீங்கு நினைப்பவரா என்று அந்த நேரத்துக்குள் காவலர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

2005 மே 11 அன்று அப்படியே நடந்தது. இருவர் மட்டும் அமரும் செஸ்னா 150 விமானம் ஒன்று வழி தவறி இந்தப் பகுதிக்குள் வந்துவிட்டது. வெள்ளை மாளிகையிலிருந்தும் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்தும் மக்கள் ஓடி வெளியேறினர். போர் விமானங்கள் எழுந்து சென்று எச்சரிக்கைச் சுடர்களை வீசின. விமானம் பத்திரமாக வேறோர் ஊரில் இறக்கப்பட்டது; விமானியின் உரிமம் பறிக்கப்பட்டது. தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும் ஒருவரின் கவனக் குறைவு ஒரு நகரையே நடுங்க வைத்தது.

வேலிகள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. குடியரசுத் தலைவர் பயணம் செய்யும் ஊரிலெல்லாம் தற்காலிக வட்டம் ஒன்று முளைக்கும். நேற்றுத் திறந்திருந்த வழி இன்று மூடியிருக்கும். ஆகவே புறப்படுமுன் ‘நோட்டாம்’ எனப்படும் அறிவிப்புகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். போர் விமானம் பக்கத்தில் வந்து இறக்கைகளை அசைத்தால், தானும் அசைத்துப் பதில் காட்டிப் பின்தொடர வேண்டும், 121.5 என்ற அவசர அலைவரிசையில் பேச வேண்டும்.

ஒரு சிலர் செய்த கொடுமைக்காக நல்லவர் எல்லோரும் துன்பப்படலாமா என்று எங்களுள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். வாஷிங்டன் அருகே காலேஜ் பார்க் என்ற விமான நிலையம் உள்ளது. 1909-ல் வில்பர் ரைட் இராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுத்தந்த இடம் அது. இன்று அங்கே இறங்க விரும்பும் விமானி முதலில் கைரேகை தந்து, பின்னணிச் சோதனையில் தேறி, இரகசிய எண் பெற வேண்டும். பறத்தலைக் கற்பித்த இடத்திற்கே இந்தக் கதி!

ஆனால் விதி விமானியை மட்டும் கட்டுவதில்லை, காவலரையும் கட்டுகிறது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி விலகிச் சென்ற தென்கொரியப் பயணி விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே, பறந்துகொண்டிருக்கும் பொதுமக்கள் விமானத்தின்மீது நாடுகள் ஆயுதம் பயன்படுத்தலாகாது என்ற திருத்தம் பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கைக்கு எழுதப்பட்டது. 1998-ல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, தோழியரே, வானத்து வேலி இரு கைகளால் கட்டப்படுகிறது என்பது எங்கள் கருத்து. பறப்பவர், “நான் இன்னார், இங்கே இருக்கிறேன்” என்று முன்வந்து சொல்ல வேண்டும். காப்பவர், “இவர் யார்?” என்று பொறுமையோடு கேட்க வேண்டும். ஒருவர் சொல்லத் தவறினால் ஊர் அஞ்சும். மற்றவர் கேட்கத் தவறினால் உயிர் போகும். எங்களில் யாரேனும் நாளை விமானி ஆகலாம். யாரேனும் ரேடார் முன் அமரலாம். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் இந்த இரண்டு கடமைகளையும் நினைவில் வைப்போமாக!