குச்சியைக் கீழே வைக்கிற உரிமை

பறையை என்ன செய்வது என்கிற சண்டை நம்ம கூட்டங்களில் இன்னும் ஓயவில்லை. ‘அது இழிவின் அடையாளம், தூக்கி எறி’ என்று ஒரு தரப்பு. ‘அது நம் கலை, கலகக் கருவி, தூக்கி அடி’ என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் நம்ம சனந்தான். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எங்க குடும்பத்திலேயே இரண்டும் இருந்தன. அப்பா பறையடித்தவர். சித்தப்பா ‘செத்தாலும் இதத் தொடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்.

இந்தச் சண்டைக்குள் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவருகிறேன். பெயர் மேக்ஸ் ரோச். அமெரிக்கக் கறுப்பர், ஜாஸ் டிரம்மர். 1924-இல் பிறந்து 2007-இல் இறந்தவர். அமெரிக்காக்காரனுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். அடிக்கிற கை யாருடையது, அடிக்கச் சொல்கிற வாய் யாருடையது என்கிற கேள்விதான் சம்பந்தம். அந்த ஆள் 60 வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்.

முதலில் அங்கத்திய கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1739 செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். கொடி பிடித்து, முரசு அடித்துக்கொண்டு போனார்கள். வழியில் மற்ற அடிமைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கலகத்தை நசுக்கிய வெள்ளை முதலாளிகள் 1740-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைகளுக்கு எழுதக் கற்பிக்கத் தடை. கூட்டம் கூடத் தடை. முரசும் கொம்பும் வைத்திருக்கத் தடை. எழுத்தையும் முரசையும் ஒரே சட்டத்தில் வைத்துத் தடுத்திருக்கிறான் பாருங்கள். முரசு பேசும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முரசு போன பிறகு அந்தச் சனங்கள் கையைத் தட்டினார்கள், தொடையைத் தட்டினார்கள், தரையில் காலால் அடித்தார்கள். உடம்பையே முரசாக்கிக்கொண்டார்கள்.

இங்கே நடந்தது நேர் எதிர். நம்மிடமிருந்து யாரும் பறையைப் பறிக்கவில்லை. ‘இதை நீதான் அடிக்கணும், நீ மட்டுந்தான் அடிக்கணும், நான் கூப்பிட்டா வந்து அடிக்கணும்’ என்று கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அங்கே அடித்தால் குற்றம், இங்கே அடிக்காவிட்டால் குற்றம். கருவியின் பெயரையே சாதிக்குப் பெயராக்கி, அந்தச் சாதிப் பெயரை வசவாக்கினார்கள். வெள்ளைக்காரன் அந்த வசவை எடுத்துக்கொண்டுபோய், ஒதுக்கப்பட்டவன் எவனாக இருந்தாலும் ‘பரையா’ என்று தன் அகராதியில் எழுதிக்கொண்டான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மேக்ஸ் ரோச்சைப் பார்க்க வேண்டும்.

வட கரோலினாவில் நியூலேண்ட் என்கிற கிராமப்புறத்தில் பிறந்தார். 4 வயதில் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்தில் தெற்கின் நிறவெறிக்கும் பண்ணைக் கொடுமைக்கும் தப்பி லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கே போனார்கள், அதில் ஒரு குடும்பம் இவர்களுடையது. அம்மா சுவிசேஷப் பாட்டுப் பாடுகிறவர். பையன் 10 வயதிலேயே சுவிசேஷக் குழுக்களுக்கு டிரம் அடித்தான். அதாவது அவன் அடி கடவுளுக்கு முன்னால், கோயிலுக்கு உள்ளே ஆரம்பித்தது. எங்க ஊர் மாரியம்மனுக்கு அப்பா அடித்தால்தான் சாமி இறங்கும். இறங்கின சாமியை அப்பா வெளியே நின்றுதான் கும்பிடணும்.

ஜாஸ் டிரம் எப்படிப்பட்ட கருவி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்வல பேண்டில் பெரிய டிரம்முக்கு ஒரு ஆள், சின்ன டிரம்முக்கு ஒரு ஆள், தாளத்தட்டுக்கு ஒரு ஆள். இந்த மூவர் வேலையையும் ஒரே ஆள் உட்கார்ந்து செய்யும்படி காலால் மிதிக்கிற கட்டை 1909 வாக்கில் விற்பனைக்கு வந்தது. மூன்று கூலி ஒரு கூலியானது. அந்த ஒருத்தனிடம் இரண்டு கை, இரண்டு கால், நாலும் வேறு வேறு பேச்சுப் பேசுகிற ஒரு கலை உருவானது. ஆனாலும் டிரம்மரை முழு இசைக்காரனாக மதிக்கவில்லை. ஆடுகிறவர்களுக்குக் காலம் தப்பாமல் தட்டிக்கொண்டிரு, அவ்வளவுதான் உன் வேலை என்றார்கள்.

1942-இல், பள்ளிப்படிப்பு முடிந்த 18 வயதில், டியூக் எலிங்டனின் பெரிய குழுவில் டிரம்மர் வர முடியாதபோது மேக்ஸ் ரோச் அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் ஹார்லெம் சேரியின் ராத்திரிக் கடைகள்தான். மின்டன்ஸ், மன்றோஸ் என்கிற இடங்களில், கூலிக்கு வாசித்து முடித்த கறுப்புக் கலைஞர்கள் விடிய விடியத் தங்களுக்காக வாசித்தார்கள். அங்கே கென்னி கிளார்க் என்கிற டிரம்மர் ஒரு காரியம் செய்தார். காலால் ‘தொம் தொம்’ என்று ஓயாமல் மிதித்துக் காலம் காட்டுகிற வேலையை மேலே இருக்கிற தாளத்தட்டுக்கு மாற்றினார். காலுக்கு விடுதலை கிடைத்தது. இனி அது நினைத்த இடத்தில் குறுக்கே பேசலாம், கேள்வி கேட்கலாம். மேக்ஸ் ரோச் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் தூரம் போனார். 1945 நவம்பரில் சார்லி பார்க்கரோடு ‘கோ-கோ’ பதிவானபோது அவருக்கு 21 வயது. அந்த வேகத்தை இன்றைக்குக் கேட்டாலும் மூச்சு வாங்கும். ஆனால் ஒரு அடிகூடக் குழம்பாது.

இதற்கப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். பேர் வாங்கிய பிறகு, 1950 வாக்கில், முறையாகப் படிக்க வேண்டும் என்று மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே தாள வாத்திய ஆசிரியர் இவர் வாசிப்பைப் பார்த்துவிட்டு, நீ செய்கிற முறையே தப்பு என்றாராம். இவர் யோசித்தார். ‘இவர் சொல்கிறபடி மாற்றினால் நாளைக்கு எனக்குச் சோறு கிடையாது.’ பள்ளியை விட்டு ஓடவில்லை. தன் கையையும் மாற்றிக்கொள்ளவில்லை. தாள வாத்தியப் பாடத்தை விட்டுவிட்டு இசை எழுதுகிற பாடத்துக்கு மாறினார். உன்னிடம் இருக்கிற, எனக்குத் தெரியாத அறிவை எடுத்துக்கொள்கிறேன், என்னிடம் இருப்பதை உன்னிடம் திருத்தக் கொடுக்க மாட்டேன் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இதைப் படித்தபோது எனக்கு எம்.ஏ. தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. பேராசிரியர் தொல்காப்பியக் கருப்பொருள் நடத்தினார். தெய்வம், உணவு, மரம், பறவை மாதிரி ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு, தமிழன் பறையோடு வாழ்ந்தவன் என்று பூரித்துப் போய்ச் சொன்னார். ‘எங்க அப்பா பறையடிப்பாருங்க ஐயா’ என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. ‘அது வேறப்பா, இது வேற’ என்றார். அவ்வளவுதான், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஏட்டில் இருந்தால் பண்பாடு, எங்க அப்பா கழுத்தில் தொங்கினால் வேற. வேப்ப மரத்தில் சட்டம் செய்து, தோலை ஊறவைத்து மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, வைக்கோல் நெருப்பில் பதமாகக் காய்ச்சி, ஒரு குச்சி தடித்தும் ஒரு குச்சி மெலிந்தும் எடுத்து, சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, மருள் ஏற்ற ஒரு அடி என்று பிரித்து அடிக்கிற படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும்?

மேக்ஸ் ரோச்சுக்கு அறிவு மட்டும் போதாது, உடைமையும் வேண்டும் என்று தெரிந்திருந்தது. கறுப்பர்கள் வாசிப்பார்கள், இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் கல்லா கட்டுவான். நியூயார்க்கில் மது விற்கிற இடத்தில் வாசிக்கப் போலீஸ் கொடுக்கிற அட்டை வேண்டும். அதைப் பிடுங்கினால் பிழைப்பு போச்சு. பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் என்று எத்தனையோ பேர் இப்படிப் பிழைப்பிழந்தார்கள். 1967 வரை அந்த அட்டை முறை இருந்தது. இந்த நிலைமையில் 1952-இல் சார்லஸ் மிங்கஸோடு சேர்ந்து ‘டெப்யூ’ என்கிற சொந்த இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். சில வருஷந்தான் ஓடியது. ஆனால் தன் உழைப்புக்குத் தானே விலை வைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். 1956-இல் அவர் குழுவின் கிளிஃபோர்டு பிரவுனும் ரிச்சி பவலும் கார் விபத்தில் செத்தார்கள். மேக்ஸ் ரோச் உடைந்துபோய்க் குடியில் விழுந்தார். மெல்ல எழுந்தும் வந்தார்.

1960 பிப்ரவரி 1-ஆம் தேதி, அவர் பிறந்த அதே வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ நகரத்துக் கடை ஒன்றில் நாலு கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள். எழுந்திருக்க மறுத்தார்கள். இரட்டைக் குவளை தெரிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். அந்த வருஷக் கடைசியில் மேக்ஸ் ரோச்சின் ‘வி இன்சிஸ்ட்’ இசைத்தட்டு வந்தது. நாங்கள் வலியுறுத்துகிறோம் என்று பொருள். அட்டைப் படத்தில் மூன்று கறுப்பர்கள் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அதில் முதல் உருப்படி அடிமைகளை விரட்டுகிற கங்காணியைப் பற்றியது. ஐந்து எண்ணிக்கைத் தாளம். முதல் எண்ணிக்கையில் டிரம் விளிம்போடு சேர்த்து ஒரு அடி விழும். சாட்டையடி. பாடுவது ஏபி லிங்கன் என்கிற பெண், பின்னால் அவர் துணைவியானவர். இன்னொரு உருப்படியில் வார்த்தையே கிடையாது. அந்தப் பெண்ணின் குரலும் மேக்ஸ் ரோச்சின் டிரம்மும் மட்டும். முதலில் பிரார்த்தனை, அப்புறம் எதிர்ப்பு, அப்புறம் அமைதி. எதிர்ப்பில் அந்த அம்மா கத்துகிறார், கத்திக்கொண்டே இருக்கிறார். டிரம் கூடவே கதறுகிறது. நண்பர் ஒருவர் செல்போனில் இதை எனக்கு அனுப்பியிருந்தார். எங்க அத்தைமார் ஒப்பாரியையும் அப்பாவின் சாவடியையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இல்லை. கடைசி உருப்படி ஜோகன்னஸ்பர்க்குக்கான கண்ணீர். அந்த வருஷம் மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில் தென்னாப்பிரிக்கப் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. சமூக அர்த்தம் இல்லாத எதையும் இனி வாசிக்க மாட்டேன் என்று மேக்ஸ் ரோச் அறிவித்தார். நிறவெறி ஆட்சி அந்த இசையைத் தன் நாட்டில் தடை செய்தது. முரசு பேசும் என்பது 220 வருஷம் கழித்தும் ஆண்டவனுக்குத் தெரிந்திருந்தது.

1961 மே மாதம் கார்னகி அரங்கில் மைல்ஸ் டேவிஸ் கச்சேரி. பழைய சகா. ஆப்பிரிக்காவுக்கு உதவுவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்காக நடந்தது. அந்த நிறுவனத்தின் மேல் மேக்ஸ் ரோச்சுக்குச் சந்தேகம். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மேடை விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கையில் ‘ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கே’ என்கிற அட்டை. காவலாளிகள் வந்து அகற்றினார்கள். உலகத்திலேயே பெரிய டிரம்மர்களில் ஒருவர், அன்றைக்கு மேடைக்கு வந்தது குச்சி இல்லாமல். எதை அடிப்பது என்று மட்டுமல்ல, எப்போது அடிக்காமல் உட்கார்ந்திருப்பது என்றும் தானே முடிவு செய்தார்.

எங்க சேரியிலும் குச்சியைக் கீழே வைத்த ஒரு வருஷம் உண்டு. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்ச் சாவுக்கு இனி யாரும் போகக்கூடாது என்று இளவட்டங்கள் முடிவெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் காட்டு வேலையை நிறுத்தினார்கள். கடையில் சாமான் கிடையாது. வரப்பில் நடக்கக்கூடாது. அம்மா முருங்கைக்கீரையிலேயே மூன்று மாசம் ஓட்டினார். அப்பா பறையைத் தூலத்தில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். சித்திரையில் அம்பேத்கர் பிறந்தநாள் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அப்பா தானே எழுந்து பறையை இறக்கி, நெருப்புப் போட்டுக் காய்ச்சினார். ராத்திரி ரொம்ப நேரம் அடித்தார். ‘நாப்பது வருசமா அடிக்கிறேன், இன்னைக்குத்தான்டா எனக்காக அடிச்சேன்’ என்றார். பனியன் கம்பெனியிலிருந்து வந்திருந்த சித்தப்பாதான் முதலில் ஆடினவர்.

ஆகவே தோழர்களே, எறிவதா அடிப்பதா என்கிற கேள்வியே பாதிக் கேள்விதான். கீழே வைக்க உரிமை இல்லாதவனிடம் ‘இது உன் கலை, பெருமையாக அடி’ என்பது அவன் அடிமைத்தனத்துக்குச் சந்தனம் பூசுகிற வேலை. கீழே வைத்தவனிடம் ‘இனி தொடவே தொடாதே’ என்பது அவனுடைய படிப்பை நாமே கொளுத்துகிற வேலை. கரோலினாவில் முரசைப் பிடுங்கியவனும், இங்கே பறையை மாட்டிவிட்டவனும் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொண்டார்கள், முடிவு செய்கிற அதிகாரத்தை. அதைப் பிடுங்குவதுதான் நம் வேலை.

மேக்ஸ் ரோச் 1972-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். தப்பு என்று சொல்லப்பட்ட கை அங்கே பாடமானது. 1988-இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. நமக்கும் 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் விருது ஒருத்தருக்கு வரும். கூலி எல்லாருக்கும் வரணும். பறைப் பயிற்சி முகாம்கள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாச் சாதியிலிருந்தும் வருகிறார்கள், நல்லது. இரண்டு நாள் கற்றவர் மேடையில் ‘கலைஞர்’ ஆகிறார். கற்றுக்கொடுத்த பெரியவரோ சாப்பாட்டுப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து, பஸ் காசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். இதைச் செய்வது ஆதிக்க சாதிக்காரன் மட்டுமல்ல. நம் மாநாடுகளிலும் நடக்கிறது.

அதனால் அடுத்த கூட்டத்துக்குப் பறைக்குழுவைக் கூப்பிடப் போகிற தோழர்கள் முதலில் கூலி பேசுங்கள். பேசின கூலியை அடிப்பதற்கு முன்னால் கொடுங்கள். அப்புறம், ‘அன்னைக்கு வரத் தோதுப்படாது தம்பி’ என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் சரி என்று சொல்லப் பழகுங்கள்.