பெயரில்லாத ரசீதுகள்

ரசீதில் தேதி இருந்தது, வரிசை எண் இருந்தது, பத்து ரூபாய் என்று அச்சடித்திருந்தது. யாரிடம் வாங்கியது என்று எழுத மட்டும் இடமே இல்லை. குளக்கரைக் கடைகளில் தரை வாடகை வசூலிக்கும் குத்தகைக்காரர் தினமும் கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டு அது. அப்படி ஒரு மஞ்சப்பை நிறையச் சீட்டுகளை 2019-ல் என் மேசைமேல் கொட்டினார் ஒரு காளான் கடைக்காரர். “பதினாலு வருசத்து ரசீதுங்க வக்கீலய்யா. கரையான் தின்னது போக மிச்சமுங்க” என்றார். அவரோடு பதினொரு பேர் வாசலில் நின்றார்கள்.

கோவையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிறு நகரம். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வழக்குகள் இருக்கின்றன. ஊரை ஒட்டிப் பெரிய குளம். சனி, ஞாயிறுகளில் சுற்றுப்பட்டு ஜனம் காற்று வாங்க வரும், பழனிக்குப் போகிற வேன்கள் நிறுத்தி இளைப்பாறும். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் என் கட்சிக்காரர்கள் பிழைத்தார்கள்: காளான் வண்டி, மக்காச்சோளக் கருது சுடுகிற ஓர் அம்மா, மீன் வறுவல், இளநீர், கையால் சுற்றும் ராட்டினம், இரண்டு மட்டக்குதிரைகளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சவாரி விடுகிறவர். சுற்றுலாத் தொழில் என்று இவற்றை எந்தக் கோப்பிலும் யாரும் எழுதியதில்லை. ஆனால் அந்த ஊரில் சுற்றுலா என்பது அவ்வளவுதான்.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் தொடங்கியது. 2016 ஜனவரியில் வந்த முதல் இருபது நகரங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் இருந்தன. கோவை தன் பங்கில் பெரும்பகுதியைக் குளங்களுக்கு ஒதுக்கியது. நொய்யலின் தண்ணீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியவிட்டுப் பாசனம் செய்வதற்காக முன்னோர் வெட்டிய சங்கிலி அது. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் இப்போது நடைபாதையும் விளக்கும் ‘ஐ லவ் கோவை’ எழுத்துமாக நிற்கின்றன. கோவை செய்தால் கொங்கு நாட்டில் மற்ற ஊர்களுக்கும் கை அரிக்கும். நம்ம ஊர்க் குளத்துக்கும் ஒரு நடைபாதை வேண்டும் என்று இவர்களும் கேட்டார்கள். கேட்டவர்களில் என் கட்சிக்காரர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கரை அழகானால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் வியாபாரம் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். தப்பான கணக்கு இல்லை.

2018 ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் தகர வேலி வந்தது. ‘ஆறு மாசம் ஒதுங்கிக்கோங்க, முடிஞ்சதும் அவங்கவங்க இடத்துலயே வந்துக்கலாம்’ என்று ஓர் அலுவலர் வாய்வார்த்தையாகச் சொன்னார். எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்கலாம் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. அதிகாரியிடம் எழுதிக் கேட்பது அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி என்று நினைக்கிற மனிதர்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்றால், அழகாகச் சொல்கிறது. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒரு நகரத்தில் வியாபாரிகளை எல்லாம் கணக்கெடுத்து, அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை ஒருவரையும் அகற்றக் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. வேறிடத்துக்கு மாற்றுவதென்றாலும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும் என்கிறது 18-ஆம் பிரிவு. எனக்கு மிகவும் பிடித்தது பின்னிணைப்பில் இருக்கும் ஒரு வரி: புதிய கட்டுமானத்தால் உண்டாகிற பிழைப்பு வாய்ப்புகளில், அதற்காக அகற்றப்பட்ட வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். இந்த வழக்குக்காகவே எழுதினது போல இருக்கிறதே என்று முதலில் படித்த அன்றைக்கு எனக்குள் ஒரு சந்தோஷம். அனுபவப்பட்ட வக்கீல் அந்தச் சந்தோஷத்தைக் கண்டால் உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை.

எங்கள் வழக்கை உள்ளிருந்து அரித்தது அந்தக் கணக்கெடுப்புதான். வேலி போட்டுப் பல மாதம் கழித்து, 2019-ல், அந்த ஊரில் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்கள். எடுக்க வந்தவர்கள் நேர்மையாகத்தான் எடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், குளக்கரைக்கும் போனார்கள். அங்கே தகர வேலியும் ஒரு ஜேசிபியும் இருந்தன. குளக்கரை, வியாபாரிகள்: இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கணக்கெடுத்த பிறகுதான் அகற்றலாம் என்பது சட்டம். அகற்றிய பிறகு கணக்கெடுத்தால் அகற்றியதே கணக்கில் வராது என்பது நடப்பு.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ‘எங்களைக் கரையில் கடை போட விடுங்கள்’ என்று ரிட் மனு போட்டேன். கேட்டிருக்க வேண்டியது அதுவல்ல. ‘எங்களை எண்ணுங்கள்’ என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலைத் திருத்தச் சொல்லி ஒரே ஒரு வேண்டுதல் சேர்த்திருந்தால் பிற்பாடு வந்த பாதி வாதத்துக்கு இடமே இருந்திருக்காது. இடத்தைக் கேட்பது பெரிய உரிமை போலவும் எண்ணிக்கையில் சேரக் கேட்பது குமாஸ்தா வேலை போலவும் அன்றைக்குப் பட்டது.

என் ஜூனியர் ஒருவர், உள்ளூர் முன்சீப் கோர்ட்டிலேயே ஒரு தடையுத்தரவு வாங்கிவிடலாமே என்றார். நல்ல யோசனைதான், பத்து வருடத்துக்கு முன்பாக இருந்தால். தடையுத்தரவு பற்றிய 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 2018 அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஒரு புது விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. கரை, வாய்க்கால், மழைநீர் வடிகால் போன்ற கட்டமைப்புப் பணிகள் எதுவும் தாமதமாகும்படி சிவில் நீதிமன்றம் தடை விதிக்கக் கூடாது. நோக்கம் புரிகிறது, ஒரு தனியார் வழக்கால் ஊருக்கே பாலம் வராமல் போன கதைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வழக்குப் போடுகிறவர் வேலையைத் தாமதப்படுத்தக் கூடாது என்று எழுதத் தெரிந்த சட்டத்துக்கு, வேலையே தாமதமானால் காத்திருக்கிறவருக்கு என்ன என்று எழுதத் தோன்றவில்லை.

வேலை தாமதமாகத்தான் செய்தது. முதலில் சேறு, பிறகு மழை, பிறகு ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகவில்லை, பிறகு மண்ணை எங்கே கொட்டுவது என்ற தகராறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. அந்த வருடம் மே மாதம் மத்திய நிதி அமைச்சகம், அரசுப் பணி ஒப்பந்தங்களுக்கு அபராதமில்லாமல் மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை கூடுதல் காலம் தரலாம் என்று குறிப்பாணை போட்டது. வழக்குத் தாக்கல் செய்யும் கெடுவை உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து எங்களுக்கெல்லாம் நீட்டியது. 2022 பிப்ரவரி கடைசிவரை அது நீண்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கெடுவே தள்ளித் தள்ளி 2025 மார்ச்சுக்குப் போனது. ஆக, ஒப்பந்தக்காரருக்கு நீட்டிப்பு உண்டு, வக்கீலுக்கு உண்டு, அரசுக்கும் உண்டு. மட்டக்குதிரைக்குத் தினமும் புல்லும் கொள்ளும் வைக்க வேண்டும். அதை நீட்டிக்க யாராலும் முடியவில்லை. 2020 தீபாவளிக்கு முன்னால் குதிரைக்காரர் இரண்டையும் விற்றுவிட்டார்.

தாமதத்துக்கு ஒப்பந்தத்தில் விலை உண்டு என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். வாரத்துக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதியிருப்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தப் பணம் வேலை கொடுத்தவருக்குப் போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். வேலிக்கு வெளியே நின்று காத்திருந்த பன்னிரண்டு பேரும் அந்தத் தாளைப் பொறுத்தவரை அந்நியர்கள். கரைக்கு எதிரே லாட்ஜ் வைத்திருந்த ஒருவரும் என்னிடம் வந்தார். லைசென்ஸ், வரி ரசீது எல்லாம் கச்சிதமாக இருந்தது. அவரைத் திருப்பி அனுப்பினேன். பக்கத்தில் பொது வேலை நடந்து வியாபாரம் படுத்தால் அது நட்டம்தான், ஆனால் சட்டம் பார்க்கிற உரிமை மீறல் இல்லை. காகிதம் இருந்தவருக்கும் அவ்வளவுதான் கதி.

விசாரணை 2021-ல், காணொலியில் நடந்தது. கோவைக்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் என்றால் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி ஐந்நூறு கிலோமீட்டர் போவது. அந்த ஒரு செலவைக் கொரோனா மிச்சப்படுத்தியது. என் அலுவலகத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் வாதாட, எனக்குப் பின்னால் ஸ்டூலில் காளான் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டு. தினசரி காலண்டர் தாள்களைக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்புறமும் அன்றைய விற்பனை, மைதா, முட்டைகோஸ், எண்ணெய், கேஸ், மிச்சம் என்று பென்சில் கணக்கு. ஆடி பதினெட்டுத் தாள்களுக்கு மட்டும் மஞ்சள் தடவியிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் திறமையானவர். மனுதாரர்களை யாரும் அகற்றவில்லை, அவர்களாகவே ஒதுங்கினார்கள், ஆகவே நோட்டீஸ் தேவையில்லை என்றார். கணக்கெடுப்பில் கரையில் வியாபாரிகளே இல்லை என்றார். ரசீதில் பெயர் எங்கே என்றார். நான் ஓல்கா டெல்லிஸ் வழக்கைச் சொன்னேன். பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்ன தீர்ப்பு அது; எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். அந்த வழக்கில் பம்பாய் நடைபாதைவாசிகள் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை என்பதை மட்டும் நாங்கள் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

கையில் ஒரு நல்ல சீட்டு வைத்திருந்தேன். 2020 ஜூனில் தெரு வியாபாரிகளுக்கு ₹10,000 கடன் தரும் ஸ்வநிதி திட்டம் வந்தது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பே பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். என் கட்சிக்காரர்களில் ஏழு பேருக்குக் கொடுத்திருந்தது. ஒரே அலுவலகம், கடனுக்கு எழுதும்போது இவரைத் தெரு வியாபாரி என்கிறது, கோர்ட்டுக்கு எழுதும்போது இவர் யாரென்றே தெரியாது என்கிறது என்றேன். நீதிபதி சிரித்தார். எதிர்த்தரப்பு அசரவில்லை: வியாபாரி என்றுதான் கடிதம் சொல்கிறது, குளக்கரை வியாபாரி என்று சொல்லவில்லையே. பின்னாலிருந்து காளான் கடைக்காரர் காலண்டர் கட்டை என் தோளுக்கு மேலே உயர்த்திக் காட்டினார். கேமராவில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் பயனில்லை, எவ்வளவு சம்பாதித்தார், எங்கே சம்பாதித்தார் என்பதற்கெல்லாம் சாட்சி ஏற்றி விசாரிப்பது ரிட் மனுவில் வழக்கமில்லை. அதற்கு சிவில் வழக்குப் போட வேண்டும். அரசைச் சேர்ப்பதானால் இரண்டு மாத நோட்டீஸ், கேட்கிற நட்டஈட்டில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கோர்ட் கட்டணம், பிறகு வாய்தா மேல் வாய்தா.

உத்தரவு வந்தது. மனுவின் தகுதி பற்றிக் கருத்து எதுவும் சொல்லாமல், மனுதாரர்களின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். இந்த வாசகத்தை எத்தனை முறை வாங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஜெயிச்சுட்டோமுங்களா என்று கேட்டார் கருது சுடும் அம்மா. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பரிசீலிக்கச் சொல்லியிருக்காங்க என்றேன். பதினோராவது வாரத்தில் பரிசீலித்தார்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

2022-ல் வேலை முடிந்து கரையில் வரிசையாகப் பத்துக் கடைகள் வந்தன. பொதுச்சொத்தைப் பொது ஏலத்தில்தான் விட வேண்டும். வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்கான விதி, நானே பல வழக்குகளில் தூக்கிப் பிடித்தது. ஜிஎஸ்டி எண், மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆறு இலக்கத்தில் டேவணித் தொகை கேட்டார்கள். பின்னிணைப்பில் எனக்குப் பிடித்த அந்த வரியைக் காட்டி இன்னொரு மனு போடலாம் என்றேன். பன்னிரண்டு பேரில் நான்கு பேர்தான் வந்தார்கள். இளநீர்க்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார், ராட்டினம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நான்கு பேரும் பீஸ் பற்றிக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். யோசிச்சுச் சொல்றோமுங்க என்று போனவர்கள் திரும்பவில்லை.

போன வருடம் வேறொரு வழக்குக்காக அந்த ஊருக்குப் போனபோது சாயங்காலம் கரையில் நடந்தேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், நடக்கிறவர்கள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆறாவது கடையில் அதே காளான் கடைக்காரர், அதே கல். டெண்டர் எடுத்தவர் வெளியூர். இவருக்குத் தினவாடகைக்கு விட்டிருக்கிறார். முன்பு பத்து ரூபாய் கட்டிய அதே இடத்துக்கு இப்போது நானூறு. “ரசீது தர்றாங்களா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்லீங்க” என்றார், காளானைக் கொத்திக்கொண்டே.

கடையை உள்வாடகைக்கு விடக் கூடாது என்று டெண்டர் நிபந்தனையில் இருக்கிறது, நான் படித்திருக்கிறேன். அதைக் கையில் எடுத்தால் டெண்டர் எடுத்தவரின் உரிமம் ரத்தாகும், அதற்கு முன்னால் கடையிலிருந்து இறங்குவது என் கட்சிக்காரராக இருக்கும். அவர் ஒரு தட்டு போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறுத்தார். வீட்டுக்கு ஒரு பார்சலும் கட்டச் சொல்லி, அதற்காவது வாங்கிக்கொள்ள வைத்தேன்.