ஒரு துணைக்கால் வித்தியாசம்

பங்காரப்பேட்டையில் பிரியும் ரயில் பாதை கோலார் தங்கவயலுக்குள் வந்து முட்டி நிற்கும் இடம் மாரிகுப்பம். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என்று ஊரெல்லாம் துரைமார் வைத்த பெயர்கள். கடைசி ஸ்டேஷன் மட்டும் மாரிக்கு.

எங்கள் லைனில் மாரியம்மா அக்காவும் மரியம்மா அக்காவும் அடுத்தடுத்த வீடு. அவர் ஆடியில் கூழ் ஊற்றுவார், இவர் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குக் கிளம்புவார். நடுவில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் விலாசம் எழுதினால் அதுவும் போய்விடும். பம்பாயிலிருந்து வரும் கடிதம் இரண்டு வீட்டுக்கும் பொது. முதலில் கையில் கிடைத்தவர் பிரித்து, யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லி, ஒரு பாட்டம் அழுதும் முடித்த பிறகுதான் உரியவருக்குப் போகும். எதிர்வீட்டுத் தெலுங்குப் பாட்டி வாய்க்கு வாய் "மரி?" என்பார். அவருக்கு அது ‘அப்புறம்?’ மரியம்மா அக்காவோ ஒவ்வொரு தடவையும் "கூப்பிட்டீங்களா?" என்று எட்டிப் பார்ப்பார். கன்னட டீச்சருக்கு நாங்கள் எல்லோருமே மரி, அதாவது குட்டி. அதையே நீட்டி மாரி என்றால் கன்னடத்திலும் அம்மன்தான். தார்வாட் பக்கம் போனால் முகம்.

வோல்கா ஆற்றுப் பக்கம் மாரி என்றொரு இனம் உண்டு. யூப்ரடீஸ் கரையில் ஹமுராபி இடித்துத் தள்ளிய மாரி நகரத்தை 1933-இல் கண்டுபிடித்துத் தோண்டியதில் இருபதாயிரத்துக்கு மேல் களிமண் ஏடுகள் கிடைத்தன. டீயில் நனைக்கும் மேரி பிஸ்கட், 1874-இல் ரஷ்ய இளவரசி மரியாவின் கல்யாணத்துக்காக லண்டனில் சுட்டது. பிஸ்கட் மரியம்மா அக்காவுக்குத் தூரத்து உறவு. மற்றவர்கள் யாருக்கும் யாரும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயர் ஒத்துப்போனதும் சுமேரியாவில் கொடி நட ஓடும் நம் ஆராய்ச்சியாளர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லிவிடாதீர்கள்.

தமிழில் மாரி என்றால் மழை. புறநானூற்றில் கபிலர் பாரியைப் புகழ்வதே ஒரு சண்டை மாதிரி இருக்கும். புலவர்களெல்லாம் ஒருத்தனையே கொண்டாடுகிறார்களே, மழை என்று ஒன்று இருப்பது மறந்துபோச்சா என்று பொய்க்கோபம் காட்டி, மன்னனை மழைக்குச் சமமாக உட்கார்த்திவிடுவார். பாராட்டுவதில் அவ்வளவு கஞ்சத்தனம், அவ்வளவு தாராளம்.

எங்கள் ஊரில் பாரி யாரும் கிடையாது. 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். தங்கம் பிரித்தெடுத்த சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசு சோற்றில் விழும். அதை அடக்க மழையை விட்டால் ஆளில்லை. மழை பெய்த மறுநாள்தான் இங்கே வெள்ளை வேட்டியைத் துணிந்து கொடியில் போடலாம்.