நீக்கி அறிதல்

தேர்வுத்தாளில் ஒரு சிறு பத்தி: 'ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. கரையில் வரிசையாக நின்ற பனைகளின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றியிருந்தன. பனைகள் வெட்டப்பட்டிருந்த மதகுப் பக்கத்தில் மட்டும் கரை சரிந்தது.' இப்பத்தியால் அறியப்படுவது யாது என்பது வினா. கீழே நான்கு விடைகள்:

அ. பனை நின்றால் ஏரிக்கரை ஒருபோதும் உடையாது.
ஆ. பனை தமிழ்நாட்டின் மாநில மரம்.
இ. மதகுப் பக்கத்துப் பனைகளே கரையைச் சரித்தன.
ஈ. கரைமண் நிலைக்கப் பனைவேர்கள் துணைசெய்தன.

ஏரிக்கரை ஊரில் பிறந்த மாணவி ஒருத்தி, சற்றும் தயங்காமல் 'ஆ' என்று குறித்தாள். விடைத்தாள் திரும்பியபோது அதற்கு மதிப்பெண் இல்லை. "பனை மாநில மரந்தானே ஐயா! உண்மை எப்படிப் பிழையாகும்?" என்று ஆசிரியரிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆசிரியர் விளக்கம் எதுவும் கூறவில்லை. அந்த உண்மை எந்த வரியில் இருக்கிறது என்று விரல்வைத்துக் காட்டச் சொன்னார். அவள் விரல் மூன்று வரிகளிலும் ஊர்ந்து, நிற்க இடமின்றித் தாளின் ஓரத்துக்கு வந்தது.

உலகம் அறிந்த உண்மை வேறு. பத்தி உரைக்கும் செய்தி வேறு. பத்திக்கு வெளியிலுள்ள உண்மையை நீக்குவதே நான்கனுள் கடினமானது. பலவும் கற்ற மாணவரே இக்கண்ணியில் எளிதில் சிக்குவர்.

'இ' வேறு வகையினது. பத்தியின் சொற்களையே எடுத்துக்கொண்டு, காரணத்தைத் தலைகீழாக்குகிறது. படித்த சொற்களை மீண்டும் கண்ட மகிழ்ச்சியில் கண்கள் ஏமாந்துவிடும். 'அ' பாதி உண்மை. 'ஒருபோதும்' என்னும் ஒரு சொல்லே அதைப் பத்தியின் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. இதனால் 'எல்லாம்', 'எப்போதும்' போன்ற சொற்களைக் கண்டதும் அடித்துவிடலாம் எனச் சிலர் குறுக்குவழி கற்பிப்பர். அது முறையன்று. பத்தியே 'எப்போதும்' என்று சொல்லியிருந்தால், அச்சொல்லுள்ள விடையே சரியாகிவிடும்.

ஒரு வினாவுக்கு ஐயமற்ற ஒரே விடை என்னும் நெறி இவ்வகைத் தேர்வுகளுக்கு அடிப்படை. 1915ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிரடெரிக் கெல்லி உருவாக்கிய மௌன வாசிப்புத் தேர்விலேயே அது இடம்பெற்றுவிட்டது. இன்று மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத்தேர்வின் மொழித்தாளிலும் பத்திகள் உண்டு. அங்குச் சரியான விடைக்கு 5 மதிப்பெண். பிழைக்கு 1 கழியும். கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதற்கும், இரண்டை நீக்கிவிட்டு எஞ்சிய இரண்டனுள் ஒன்றைத் தேர்வதற்கும் உள்ள தொலைவு அங்கே பெரிது.

மாணவி தாளை மீண்டும் பார்த்தாள். "ஐயா, 'ஈ' கூட எந்த வரியிலும் அப்படியே இல்லையே?" என்றாள். ஆசிரியர் சிரித்தார், "தேடு" என்றார். சிறிது நேரங்கழித்து அவள் இரண்டாம் வரியில் ஒரு விரலும் மூன்றாம் வரியில் மற்றொரு விரலும் வைத்தாள்.